பலகை போடாத கேலரி

நான் போட்ட கேலரி எதுவும் இதுவரை விழுந்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். பொய் எதற்கு, பெருமைக்குத்தான் சொல்கிறேன். அஞ்சாம் வகுப்பை முடிக்காதவன் நான். பம்மலில் ஒரு பந்தல்காரரிடம் சவுக்குக் கம்பு சுமக்கப் போனேன். கயிறு கட்டப் பழகினேன். அப்புறம் இரும்புப் பைப்புக்கு மாறினேன். இன்றைக்குப் பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் மேடை, கேலரி என்றால் முதலில் என்னைத்தான் தேடுவார்கள். இஞ்சினீயருக்குப் படித்தவர்கள் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டு வருவார்கள். நான் குதிகாலால் தரையை ஒரு தட்டுத் தட்டி, "இங்க நிக்கும், அங்க நிக்காது" என்பேன். நான் சொன்ன இடத்தில்தான் நின்றது.

அப்படிப்பட்டவன், போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், நானே போட்ட கேலரிக்கு அடியில் குனிந்து, அதன் ஒரு காலைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றேன். மேலே நூற்றைம்பது பேர். அதில் என் மகள் ஒருத்தி.

அவள்தான் என்னை ஃபுட்பாலுக்கு இழுத்துவிட்டவள். பேங்கில் வேலை பார்க்கிறாள். எங்கள் ஊர் கிளப்பு கப் அடித்த வருஷம் ஒரு மேட்ச்சுக்கு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அன்றைக்கு அந்தப் பசங்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நான் சேரை விட்டு எழுந்தவன், இன்றுவரை உட்காரவில்லை. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் எங்களைப் போல ஒரு கூட்டம் இருக்கிறது. வெளியூர் மேட்ச் என்றால் பீர்க்கன்கரணை ஏரிக்கரை மைதானத்தில் பெரிய ஸ்கிரீன் கட்டி எல்லோருமாகப் பார்ப்போம். கேலரி என்னுடையது. வாடகை வாங்கமாட்டேன். வாங்கமாட்டேன் என்பதை நாலு பேரிடம் சொல்லுவேன், அது வேறு.

கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி ஒரு சார் இருந்தார். ரிட்டையர் ஆன கணக்கு வாத்தியார். ஞாயிறு காலையில் சர்ச், சாயந்திரம் மேட்ச். ஏழு வரிசை தள்ளி இருப்பவனையும் குரலை உயர்த்தாமல் உட்காரவைக்கத் தெரிந்தவர். கிளப்பு தோற்க ஆரம்பித்த பிறகு எங்களுக்குள் வாய்ச்சண்டை கைச்சண்டையாக மாறப்போன ஒரு நாளில் அவர் ஒரு பழக்கம் கொண்டுவந்தார். கேள்வியை அவர் சொல்வார். இரண்டு பதில் இருக்கும். எது சரி என்று நினைக்கிறோமோ அந்தப் பக்கமாக நடந்துபோய் நிற்க வேண்டும். கத்திக்கொண்டிருப்பவன் நாலடி நடப்பதற்குள் கொஞ்சம் ஆறிவிடுவான். "பக்கம் பிரியலாமா சார்?" என்று நாங்களே கேட்கிற அளவுக்கு அது பழகிப்போயிருந்தது.

அந்த வாரம் முழுக்க மழை. சனிக்கிழமை என் மேஸ்திரி போன் போட்டான். இருபது வருஷமாக என்னோடு இருப்பவன்.

"அண்ணா, அடிப்பலகை மொத்தமும் பெருங்களத்தூர் கல்யாண வேலைக்குப் போயிடுச்சு. நாளைக்கு சாயந்திரம்தான் திரும்பும். ஏரி கிரவுண்டுக்கு இன்னா பண்றது?"

அடிப்பலகை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கேலரியின் பைப் காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்புத் தகடு இருக்கும். காய்ந்த தரையில் அது போதும். ஈர மண்ணில் பாரம் ஏறினால் அது கத்தி மாதிரி உள்ளே இறங்கும். அதனால் தகட்டுக்கு அடியில் கனமான பலகை போடுவோம். இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடமே அதுதான்.

"அந்த கிரவுண்டா? கல்லு மாதிரி கெடக்கும். எத்தினி தடவை போட்டிருக்கேன். நேரா நிறுத்து."

"மழை பேஞ்சிருக்குண்ணா."

"நீ எனக்குச் சொல்லித்தர்றியா?"

அப்புறம் வேறு ஏதோ கேட்டான். "எல்லாத்துக்கும் ஒரே பதில்தான்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். என்ன கேட்டான் என்பது அப்போது காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சு மணிக்கு மேட்ச். மழை விட்டிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் கோபத்தோடு வந்திருந்தார்கள். தொடர்ந்து தோல்வி. தோற்றதைவிட அதற்கப்புறம் நடந்ததுதான் எங்களை எரித்தது.

"போன மேட்ச் முடிஞ்சதும் பாத்தியா?" என்று ஆரம்பித்தான் மேளம் அடிப்பவன். பம்மலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், எங்கள் கூட்டத்தின் தொண்டை. "நாலு கோல் வாங்கினு, அந்த டீம்காரன்கிட்ட ஜெர்சி மாத்தினு சிரிச்சினு நிக்கிறானுங்கோ. நான் ஒரு சவாரிய வுட்டுட்டா ராத்திரி சோறு எறங்காது பா!"

"அவனுக்கு காண்ட்ராக்ட் மூணு வருஷம் கீது. உனக்குக் கீதா?" என்றார் யாரோ. சிரிப்பு.

சார் சொன்னார்: "தோக்கறது பெரிசில்ல. லேட்டா ட்ரெயினிங் வந்தா கேக்கறதுக்கு ஆள் இல்ல. குட்டிப் பசங்க பெஞ்சுலயே வயசாகறாங்க. அதே பேர், அதே லைன். கோச் பேட்டியில 'பாஸிட்டிவ்ஸ் எடுத்துக்கறோம்'ங்கறார். எங்கிருந்து எடுக்கறார்னு மட்டும் சொல்லமாட்டேங்கறார்."

என் மகள் மேல் வரிசையிலிருந்து, "சார், நாமளும்தான். கப் அடிச்ச போட்டோவை இன்னும் டிபியில வெச்சிருக்கோம்" என்றாள். அவள் எப்போதும் ஏரிப் பக்கம், மேல் வரிசை, கடைசி மூலை. காற்று வரும் என்பாள்.

நான் சும்மா இருப்பேனா? எழுந்தேன். பேசினேன். நான் எப்படிக் கம்பு சுமந்தேன், தோளில் எப்படிக் காய்ப்பு விழுந்தது, ஒரு வேலையிலாவது மெத்தனமாக இருந்திருக்கிறேனா, இந்தப் பயல்களில் ஒருவன் என்னிடம் வேலை பார்த்திருந்தால் முதல் நாளே கணக்கு முடித்து அனுப்பியிருப்பேன் என்றெல்லாம் பேசினேன். கைதட்டினார்கள். "பெரியவரைக் கோச்சா போடுங்கடா!" என்று ஒருவன் கத்தினான். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மேட்ச்சின் முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் ஒரு கார்னர். எங்கள் டிஃபென்டர்கள் மூன்று பேர் நின்று வேடிக்கை பார்க்க, அவர்கள் ஆள் தலையால் முட்டிப் போட்டான். கேலரியில் எல்லோரும் காலால் ஓங்கி உதைத்தார்கள்.

அந்த உதையில் சாரின் குடை பலகை இடுக்கு வழியாகக் கீழே விழுந்துவிட்டது. கீழ் வரிசையில் இருந்த சார் குனிய ஆரம்பித்தார். "நீங்க இருங்க சார், என் கேலரி, எனக்கு வழி தெரியும்" என்று நான் போனேன்.

குடை உருண்டு ஏரிப் பக்க மூலையில் கிடந்தது. எடுக்கக் குனிந்தேன். அந்த மூலைக் காலில் தகட்டைக் காணவில்லை. நாலு விரல் ஆழத்துக்குப் பைப்பு மண்ணுக்குள் போயிருந்தது. பக்கத்துக் காலில் தகடு மேலேயே தெரிந்தது. அப்படியென்றால் மொத்தமும் ஏரிப் பக்கம் சாய்கிறது. இரண்டையும் சேர்த்த கிளாம்ப் கோணிக்கொண்டிருந்தது. மேலே யாரோ ஒரு தடவை காலை உதைத்தார்கள். பைப்பைச் சுற்றி மண்ணிலிருந்து நீர்க்குமிழி வந்து உடைந்தது.

அந்த மூலைக்கு நேர் மேலே பலகை இடுக்கில் என் மகளின் செருப்பு தெரிந்தது. கட்டைவிரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி என்னைத் தேடி உள்ளே வந்தவன் அதைப் பார்த்தான். அவன் முகம் பார்க்கும்படி இல்லை.

"அண்ணா, கத்திடலாமா?"

"வாயை மூடு."

முன்பு ஒரு திருவிழாவில், வேறொருவர் போட்ட மேடையில், ஒருவன் "விழுது, விழுது" என்று கத்தினதைப் பார்த்திருக்கிறேன். மேடை விழவில்லை. இறங்க ஓடியவர்கள்தான் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஒற்றைச் செருப்புகள் மட்டும் கிடந்தன. இங்கே படி ரோட்டுப் பக்கம் ஒன்றே ஒன்று. கத்தினால் நூற்றைம்பது பேரும் ஒரே நேரத்தில் எழுவார்கள். எழுந்து ஓடுகிற ஆட்டத்தை இந்தக் கால் தாங்காது.

ஸ்கிரீனை எட்டிப் பார்த்தேன். நாற்பதாவது நிமிஷம். இடைவேளை வரைக்கும் பொறுத்தால் சாரை வைத்து வரிசையாக இறக்கிவிடலாம். பொறுத்தது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேஸ்திரி ஒரு கருங்கல்லைப் பக்கத்துக் காலோரம் உருட்டி முட்டுக்கொடுத்தான். நான் மூலைப் பைப்பைத் தோளில் தாங்கிக்கொண்டேன். கிழவன் தோள் எதைத் தாங்கும்? ஆனாலும் தள்ளி நிற்க முடியவில்லை.

மேலே அவர்கள் பேச்சு நிற்கவில்லை.

"யாருக்கும் பயம் இல்லடா. அதான் பிரச்சினை."

"தோத்தா என்ன ஆகும்னு அவனுக்குத் தெரியும். ஒண்ணும் ஆகாது."

ஒவ்வொன்றும் பலகை வழியாக என் தலையில் விழுந்தது.

நாற்பத்து மூன்றாவது நிமிஷம் என்று நினைக்கிறேன். திடீரென்று மேலே சத்தம் எகிறியது. எங்கள் ஃபார்வர்டு தனியாகப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறான் போலிருக்கிறது. "போடா போடா போடா!" நூற்றைம்பது பேரும் எழுந்தார்கள். பைப்பு என் தோளில் நெளிந்தது. கோல் விழுந்தால் குதிப்பார்கள். இந்தக் கூட்டம் எப்படிக் குதிக்கும் என்று எனக்குத் தெரியும், குதிக்கவைத்தவர்களில் நானும் ஒருவன். கண்ணை மூடிக்கொண்டு, "அடிக்காதே சாமி, அடிக்காதே, வெளிய அடி" என்று வேண்டினேன். வாழ்க்கையில் என் கிளப்பு தோற்க வேண்டும் என்று நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வெளியேதான் அடித்தான். "அய்யோ" என்று ஒரு முனகல். நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. பைப்பு இன்னும் ஒரு விரல் கீழே போனது. மேஸ்திரி, "அண்ணா" என்றான்.

விசில் ஊதியதும் வெளியே வந்து சாரிடம் குடையைக் கொடுத்தேன். "சிரிச்சமாதிரி கேளுங்க சார்" என்று காதில் சொன்னேன். ஏரி மூலையில் கால் இறங்குகிறது, மேல் வரிசை முதலில், ஒவ்வொருத்தராக, ஓடக்கூடாது, மேளம் கூடாது என்றேன்.

அவர் உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. குடையைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்துப்போயின. எழுந்து கையைத் தட்டினார்.

"பக்கம் பிரியலாம்! கேள்வி இதுதான். நம்ம கிளப்பு இப்படி மெத்தனமாப் போனதுக்குக் காரணம் ஆட்டக்காரங்களா? இல்ல, எது நடந்தாலும் கை தட்டிக் கெடுத்த நாமளா? ஆட்டக்காரங்கன்னா ரோட்டு ஓரம். நாமன்னா ஸ்கிரீன் கிட்ட. மேல் வரிசை முதல்ல எறங்கட்டும்."

"இன்னா சார், சேத்துல எறங்கச் சொல்றீங்கோ" என்றான் ஷேர் ஆட்டோக்காரன். "இங்கியே கை தூக்கிட்டுப் போலாமே."

"கை தூக்கறவன் அடுத்த நிமிஷம் மாத்திப்பான். காலை நகர்த்துப்பா. நீ கடைசி வரிசைதானே, உன் மேளத்தை இங்க குடு."

இறங்க ஆரம்பித்தார்கள். நான் படிக்குக் கீழே நின்று ஒவ்வொரு கையாகப் பிடித்து இறக்கினேன். கண் படியின் மேலேயே இருந்தது, யார் முகத்தையும் பார்க்கவில்லை. "இன்னாண்ணா இன்னைக்கு இவ்வளோ மரியாதை?" என்று ஒருத்தி கேட்டாள். "மெதுவா வாம்மா" என்று சொல்லி அடுத்த கையைப் பிடித்தேன். வரிசை வரிசையாகக் குறைந்தது. நடந்துகொண்டே சண்டை போட்டார்கள். ஸ்கிரீன் பக்கம் ஆள் அதிகம் சேர்ந்தது எனக்கே ஆச்சரியம். தங்கள் மேல் தப்பு என்று சொல்ல இத்தனை பேர் நடந்துவந்தார்கள்.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று மூச்சு விட்டு நிமிர்ந்தால், மேல் மூலையில் என் மகள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"எறங்கும்மா."

"நான் எந்தப் பக்கமும் இல்லப்பா. கேள்வியே தப்பு. மேனேஜ்மென்ட்தான் காரணம். அதுக்கு ஒரு பக்கம் வையுங்க, எறங்கறேன்."

கூட்டம் சிரித்தது. "அப்படியே பெரியவரு!" என்று விசில் அடித்தார்கள். ரோட்டுப் பக்கத்துப் பாரம் இறங்கிவிட்டதால் கேலரி ஏரிப் பக்கம் லேசாகச் சரிவது எனக்குத் தெரிந்தது. மற்றவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. கிளாம்ப் ஒன்று கிறீச்சென்றது.

"மூணாவது பக்கம் வெச்சாச்சு, எறங்கு."

"எங்கே? நீங்க இப்ப சொன்னதுதானே? சார் சொல்லட்டும்."

"சொன்னாக் கேளு."

"எதுக்குப்பா கத்தறீங்க? நீங்க சொன்னா எல்லாரும் எறங்கணுமா?"

அவள் விளையாடுகிறாள். நான் வளர்த்த பிடிவாதம். ஊரே நான் சொன்னதைக் கேட்கும் என்று மார் தட்டியவனின் பேச்சு, இரண்டாள் உயரத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் போகவில்லை.

"நான் அடிப்பலகை போடலம்மா" என்றேன். சத்தமாகத்தான் வந்தது. "உன் மூலைக் கால் மண்ணுக்குள்ள போய்க்கிட்டு இருக்கு. மேஸ்திரி கேட்டான். நான்தான் வேணாம்னேன். எனக்கு பயமா இருக்கு. எறங்கி வா."

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் ஆட்டிக்கொண்டிருந்த கால் அப்படியே நின்றது.

"எழுந்திருக்காத. உக்காந்தமேனிக்கே ரோட்டுப் பக்கமா நகர்ந்து வா. ஆங், அப்படித்தான். இப்ப அடுத்த வரிசை. கீழ பாக்காத, என்னைப் பாரு."

ஏழு வரிசை. ஒவ்வொன்றிலும் என் உயிர் போய் வந்தது. கடைசிப் படியில் அவள் கையைப் பிடித்தபோது ஐஸ் மாதிரி இருந்தது. என் கையும் அப்படித்தான் இருந்திருக்கும். அவள் கையை விடுவித்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றாள்.

கேலரி விழவில்லை. விழுந்திருந்தாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும். சாய்ந்தமேனிக்கு நின்றது. பத்து நிமிஷம் கழித்து நாலு பேர், "ஒண்ணும் ஆவல, மேல போய்க் குந்தலாம்" என்று வந்தார்கள். நான் படியில் குறுக்கே நின்றுகொண்டேன்.

ஷேர் ஆட்டோக்காரன் என் எதிரே வந்தான். "இன்னா பெரியவரே. டிஃபென்டரு நின்னுகினு வேடிக்கை பாத்தான்னு அவ்ளோ பேசினீங்கோ. என் பொஞ்சாதி புள்ளையும் மேல குந்திகினு இருந்திச்சு. தெரியுமா?"

தெரியும். அந்தக் குழந்தையை மடியில் வைத்து அவன் மேளம் அடிக்கக் கற்றுக்கொடுத்ததை நான் பார்த்தேன். சார் வந்து அவன் தோளில் கை வைத்து அழைத்துப்போனார். என்னைப் பார்க்காமல்தான் போனார்.

இரண்டாவது பாதியைச் சேற்றில் நின்று பார்த்தார்கள். இன்னொரு கோல் வாங்கித் தோற்றோம் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் ஸ்கிரீனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படியிலேயே நின்றேன்.

கூட்டம் போனதும் கழற்ற ஆரம்பித்தோம். மூலைப் பைப்பை மேஸ்திரி பிடுங்கினான், சேறு உறிஞ்சிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மகள் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குப் போகச் சொல்லியும் போகவில்லை. பைப்பு வெளியே வந்த பிறகு அந்தக் குழியை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் ஊறி நிறைந்துகொண்டிருந்தது.

"அண்ணா" என்றான் மேஸ்திரி, பைப்பைத் துடைத்துக்கொண்டே. "அந்த ஸ்கூலு?"

"எந்த ஸ்கூலு?"

"பம்மல்ல. நாளைக்குக் காலையில ஆண்டு விழாவாச்சே. பசங்க பாட்டுப் பாடறதுக்குப் படி மேடை. அதுக்கும் பலகை இல்லியே, இன்னா பண்றதுன்னு போன்ல கேட்டேனே. எல்லாத்துக்கும் ஒரே பதில்தான்னீங்க. அப்படியே நிறுத்திட்டு வந்தேன்."

அங்கே மைதானம் தாழ்வானது. மழை பெய்தால் தண்ணீர் இரண்டு நாள் நிற்கும் என்று எனக்கே தெரியும். குழந்தைகள் வரிசை வரிசையாக நிற்பார்கள். டீச்சர் கையைக் காட்டினதும் எல்லோரும் ஒன்றாகக் குதித்துப் பாடுவார்கள்.

"இப்படி இன்னும் எங்கெல்லாம்பா போட்டிருக்கீங்க?" என்று மகள் கேட்டாள்.

யோசித்தேன். போன மாசம், அதற்கு முந்தின மழை, அதற்கும் முந்தினது. எங்கே பலகை போட்டோம், எங்கே போடவில்லை என்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எல்லா இடத்திலும் ஆட்கள் ஏறி உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்தது.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் எங்கள் மினி லாரியின் கதவைத் திறந்து, நடு சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "கல்யாண மண்டபத்துல பலகை வந்திருக்கும்ல? முதல்ல அங்க வண்டிய விடச் சொல்லுங்க."

மேஸ்திரி வண்டியை எடுத்தான். பெருங்களத்தூர் சிக்னலில் நின்றபோது மறுபடி தூறல் ஆரம்பித்தது. வைப்பர் ஒரு தடவை போய்வந்தது. கேட்டைத் திறக்கச் சொல்ல நான் பள்ளிக்கூட வாட்ச்மேனுக்கு மூன்றாவது தடவையாகப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.